குன்னூரில் மாதச் சாமான் சீட்டு

குன்னூரில் மாதச் சாமான் சீட்டை நான் ரேஷன் கடையிலிருந்தே தொடங்குகிறேன். அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமலும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கிடைப்பதால், அவற்றை வாங்கிய பிறகே மீதியை மளிகைக் கடைக்கு எழுதுகிறேன்.

காய்கறிதான் சற்று யோசிக்க வைக்கும். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஆகியவை இங்கேயே விளைவதால் உழவர் சந்தையின் விலைப்பலகையைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், தேங்காய் எல்லாம் மேட்டுப்பாளையம் வழியாக லாரி ஏறி வருபவை என்பதால், வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால் அவற்றின் விலை எகிறிவிடும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் வெங்காயத்தையும் தேங்காயையும் சீட்டில் ஏற்றிவிடுவேன்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது சமவெளிக் கணக்கு. இங்குள்ள ஈரக்காற்றில் உப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்துக்கொள்ளும், அப்பளம் நமுத்துப்போகும், மாவில் பூஞ்சை வாடை ஏறும். எனவே இவற்றுக்கு நேரே கால் கிலோ, அரைக் கிலோ என்றே எழுதுகிறேன். அளவு குறிக்காத சீட்டால் பெரிய பயன் இல்லை. வெறுமனே 'ரவை' என்று எழுதிப் போனால், கடைக்காரர் எவ்வளவு என்று கேட்கும்போது வாய் தானாகவே ஒரு கிலோ என்று சொல்லிவிடும்.

சீட்டில் ஒருபோதும் இடம்பெறாத வர்க்கி என்னும் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம் மட்டும் எப்படியோ பைக்குள் வந்து சேர்கிறது. அதை நான் மளிகைக் கணக்கில் சேர்ப்பதில்லை.