பந்தலுக்குக் கீழே இரண்டு மணி நேரம்

கடந்த மாதம் மார்த்தாண்டத்துக்கு அருகே என் அத்தையின் சவப்பெட்டி முற்றத்துப் பந்தலுக்குக் கீழே இரண்டு மணி நேரம் காத்திருந்தது. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற சபையை விட்டு, முதுமையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வேறொரு சபைக்குப் போனவர் அவர் என்பதால், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வது, எந்தப் போதகர் ஜெபிப்பது என்று, ஒரே வேதாகமத்தைக் கையில் வைத்திருந்த இரு தரப்பினரும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவில் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நாங்களே குழி வெட்டினோம். மழைநீரை வாளியால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்க முடிந்தது.

சபைகள் ஒன்றாக இணைவது எளிதென்று நான் சொல்லவில்லை. 1919 இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, ஆயர்களின் (பிஷப்புகளின்) தலைமையை ஏற்ற ஆங்கிலிக்கன் சபையாரையும், லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கத்தின் வழிவந்த நம் ஊர்ச் சபைகள் உள்ளிட்ட தென்னிந்திய ஐக்கிய சபையாரையும், மெதடிஸ்டுகளையும் 1947 செப்டம்பர் 27 அன்றுதான் தென்னிந்தியத் திருச்சபையாக இணைத்தது. 28 ஆண்டுகள்! அத்தனை பொறுமை காட்டியவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் ஆறடி மண்ணுக்குச் சண்டையிடுகிறோம்.

ஜனவரி 18 முதல் 25 வரையிலான கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரத்தில், பாடகர் குழுக்கள் ஆலயம் மாறிப் பாடுவதோடு நிறுத்தாமல், கல்லறைத் தோட்டத்துச் சாவியைப் பற்றியும் பெரியவர்கள் பேச வேண்டும்.