மனம் கேட்கும் கயல்: நாவல் எதுவரை வந்திருக்கிறது

பாதிக் கிணறு தாண்டியாயிற்று, இனி நிற்க முடியாது. நான் எழுதும் நாவலின் நாயகி கயல், சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கும் உயர்நிலை நான்கு மாணவி. அடுத்தவர் மனத்தில் ஓடுவது அவளுக்குக் கேட்கும். கேட்டு வாங்கிய வரமல்ல. காதைப் பொத்தினாலும் ஓயாது.

முதல் வரைவில் அவளுக்கு எல்லாருடைய மனமும் தெளிவாகப் புரிந்தது. அப்புறம் கதையில் மர்மம் எப்படி மிஞ்சும்? ஒரு காட்சிக்காக எம்ஆர்டி ரயிலின் வடகிழக்குப் பாதையில் பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியா வரை காதைத் தீட்டிக்கொண்டு போனேன். ஒரே பெட்டியில் மாண்டரின், மலாய், தமிழ், ஆங்கிலம், வங்காளம். அங்கேதான் விதி கிடைத்தது: எல்லா மனமும் கேட்கும், தெரிந்த மொழி மட்டுமே புரியும். மாண்டரினில் நினைப்பவரின் பயம் பயமென்று தெரியும், எதற்கென்று தெரியாது.

தேர்வுக் காட்சியில் அந்த விதியும் உதவாது, எல்லாரும் ஆங்கிலத்தில்தான் நினைக்கிறார்கள். கணிதத் தாளுக்குச் சுற்றிலும் விடைகள் கேட்கின்றன, ஒன்றுக்கொன்று முரணாக. எது சரியென்று கண்டுபிடிக்க அவளும் படித்திருக்க வேண்டும், பாவம்.

எண்ணத்தைத் தாளில் எப்படிக் காட்டுவது என்பதில்தான் ரொம்ப மெனக்கெட்டேன். சாய்வெழுத்து தமிழில் எடுபடவில்லை. கொம்பும் சுழியும் சாய்ந்து கண்ணை உறுத்துகின்றன. மேற்கோள் குறி போட்டால் பேச்சோடு குழம்புகிறது. இப்போது குறி எதுவும் இல்லாமல், பேச்சுத் தமிழில், பாதியில் அறுந்துபோகும் துண்டுகளாக எழுதுகிறேன். தேக்கா சந்தையில் மீன் வாங்குகிறவர் தலைக்குள் இப்படி ஓடும்:

அடுப்ப அணைச்சேனா, மூணு வெள்ளி ஜாஸ்தி சொல்றான், அவ ஏன் நேத்து அப்படிப் பாத்தா

யாரும் தமக்குள் முழு வாக்கியம் பேசிக்கொள்வதில்லை.

வரைவைப் படித்த அக்கா ஒருவர், "வில்லன் எதுக்குப்பா? அந்தப் பிள்ளைக்கு அவ தலையே போதுமே" என்றார். சரி என்று அந்த ஆள் வந்த அத்தியாயங்களை எல்லாம் தூக்கிவிட்டேன். நல்ல வசனங்கள் கொடுத்திருந்தேன், கொஞ்சம் வலித்தது. வில்லன் போனால் கதையை எது நகர்த்தும் என்று யோசித்தபோது தாயுமானவர் கைகொடுத்தார். மதயானையை வசமாக நடத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்பார். கயல் தேடுவதும் அதைத்தான்.

அதனால் இரண்டாம் பாதி சிங்கப்பூர்க் கல்லை நோக்கிப் போகிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துகளோடு நின்ற பெரும்பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ளதை இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. என் கதையில் அதற்குள் ஒரு மனம் இருக்கிறது. கயல் கிட்டே போனதும் மற்ற இரைச்சல் அடங்கி அது மட்டும் கேட்கிறது. ஒரு சொல்லும் புரியாது, பயமோ கோபமோ அதில் இல்லை. அவளுக்கு அங்கேதான் நிம்மதி.

அந்தக் குரலை எப்படி எழுதுவது என்பதில் இப்போது நிற்கிறேன். கல்லில் இருப்பது பழைய ஜாவாவின் காவி மொழி என்றும் சமஸ்கிருதம் என்றும் அறிஞர்களிடம் கருத்துகள் உண்டு. முதலில் பொருளில்லாத வெறும் ஓசையாக ஓர் அத்தியாயம் எழுதி அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். அது எடுபடாவிட்டால் காவியின் சாயலுக்குப் போகலாம்.