பாங்காக்: தண்ணி வழியா பாத்த ஊர்

ஜனவரி 8

மத்தியானம் சுவர்ணபூமி ஏர்போர்ட்ல வந்து இறங்குனோம், நானும் அம்மாவும். டாக்சி பிடிக்காம ஏர்போர்ட் ரயில்ல பாயா தாய் வரைக்கும் வந்து அங்கேருந்து பிடிஎஸ், அதாவது தூண் மேல ஓடற மெட்ரோ ரயில் மாறினோம், மேலேருந்து பாத்தா கீழ சுகும்வித் ரோட்ல கார் எல்லாம் அசையாம நிக்குது, அதுக்கு நடுவுல ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பைக் டாக்சிக்காரங்க மட்டும் புகுந்து புகுந்து போறாங்க. சரியா ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல தேசிய கீதம் போட்டாங்க. அத்தனை கூட்டமும் அப்படியே நின்னுச்சு, முடிஞ்சதும் மறுபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு. தினமும் காலைல எட்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் இப்படித்தானாம்.

ஜனவரி 9

இன்னிக்கு முழுக்க சாவ் பிரயா ஆறுதான். சபான் தக்சின்ல பிடிஎஸ்ஸ விட்டு இறங்கினா பக்கத்துலயே படகுத்துறை, ஆரஞ்சு கொடி கட்டின படகுல ஏறுங்க, டூரிஸ்ட் படகு வேணாம், இதுல டிக்கெட் ரொம்ப கம்மி, ஆபீஸ் போறவங்க, ஸ்கூல் பசங்க, பிக்குகள் எல்லாரும் இதுலதான் வராங்க. பிக்குகளுக்குன்னு தனி இடம் இருக்கு. கண்டக்டரம்மா ஒரு நீள தகர டப்பாவ கலகலன்னு ஆட்டிக்கிட்டே வந்து அதுலேருந்து டிக்கெட் கிழிச்சு குடுத்தாங்க. பின்னாடி நிக்கிற ஆள் விசில் அடிச்சு அடிச்சுதான் படகோட்டிக்கு கரை எவ்வளவு தூரம்னு சொல்றார், படகு துறையில முழுசா நிக்கறதே இல்ல, டக்குனு குதிக்கணும். அம்மா எனக்கு முன்னாடி குதிச்சுட்டாங்க!

கிராண்ட் பேலஸ் வாசல்ல ஒருத்தர் "இன்னிக்கு லீவு, வேற கோயிலுக்கு கூட்டிட்டு போறேன்"னார். நம்பாதீங்க, நேரா உள்ள போங்க. டிக்கெட் 500 பாட், முழங்கால், தோள் மூடின டிரஸ் கண்டிப்பா வேணும். அரண்மனைக்குள்ள கோயில்ல இருக்கிற மரகத புத்தர் சிலைய விட என்னைய நிறுத்தி வச்சது சுத்துப் பிராகாரத்துல இருக்கிற ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயண ஓவியங்கள்தான். 178 ஓவியம், மொத்த ராமாயணமும் தங்க ரேக்கு போட்டு சுவர்ல ஓடுது. அம்மா ஒவ்வொண்ணா கதை சொல்லிக்கிட்டே வந்தவங்க, அனுமார் ஒரு மச்சகன்னிய காதலிக்கிற இடத்துல நின்னுட்டாங்க. இங்க அனுமார் வெள்ளை நிறம், பிரம்மச்சாரியும் கிடையாது, அந்தப் பொண்ணு ராவணனோட மக. "இது வேற அனுமாருடா"ன்னு சொல்லிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தாங்க, ஆனா முழுசா பாத்துட்டுதான் வெளிய வந்தாங்க.

அடுத்து வாட் போ கோயில். அங்க 46 மீட்டர் நீளத்துக்கு புத்தர் படுத்திருக்கார், பாதத்துல முத்துச்சிப்பி பதிச்ச 108 சின்னங்கள். அங்கேருந்து ஆத்த தாண்டி வாட் அருண் கோயில். கிட்ட போய் பாத்தாத்தான் அந்த கோபுரம் முழுக்க சீனப் பீங்கான் துண்டுன்னு தெரியுது.

ஜனவரி 10

பிரதுனாம்லேருந்து சேன் சேப் கால்வாய் படகு. கால்வாய் 1837ல வெட்ட ஆரம்பிச்சது, மூணாம் ராமாங்கிற ராஜா காலம். தண்ணி கருப்பு, நாத்தமும் இருக்கு, மறைக்கல, ஆனா ரோட்ல ஒரு மணி நேரம் நிக்கிற தூரத்த இது பறந்து கடக்குது. தண்ணி தெறிக்காம இருக்க ஓரத்துல உக்காந்தவங்க கயிற இழுத்து பிளாஸ்டிக் திரைய தூக்கறாங்க, ஹெல்மெட் போட்ட கண்டக்டர் படகோட வெளி விளிம்புல நடந்து காசு வாங்கறார், பாலம் வந்தா கூரையே கீழ இறங்குது. சென்னைல பக்கிங்காம் கால்வாய நினைச்சு எனக்கு வயிறு எரிஞ்சுது, நம்மகிட்டயும் ஊருக்கு நடுவுல இப்படி ஒரு வழி இருந்துச்சே.

கடைசி துறை பான் ஃபா. அங்கேருந்து நடந்தா பெரிய ஊஞ்சல், சிவப்பா ரெண்டு தேக்குத் தூண், 2007ல புதுசா மாத்தினது. முன்னாடி வருஷா வருஷம் ஒரு விழாவுல இதுல ஆடிக்கிட்டே உயரத்துல கட்டின காசு மூட்டைய பல்லால கவ்வுவாங்களாம், 1935ல நிறுத்திட்டாங்க. ஊஞ்சல்தான் நின்னுச்சு, அந்த விழா நிக்கல. பக்கத்துல தேவஸ்தான்னு ஒரு சின்ன கோயில், 1784ல கட்டினது, சிவனுக்கு, பிள்ளையாருக்கு, பெருமாளுக்கு தனித்தனி சன்னிதி. விழா சமயத்துல இங்க இருக்கிற தாய்லாந்து பிராமணர்கள் திருவெம்பாவை ஓதறாங்க! உச்சரிப்பு ரொம்ப மாறிடுச்சு, நமக்கு புரியறது கஷ்டம், ஆனா அதே பாட்டுதான். அம்மா சன்னிதி முன்னாடி உக்காந்து இருபது பாட்டையும் மெதுவா சொன்னாங்க, மார்கழி இல்லையா. காவலுக்கு இருந்தவர் ஒண்ணும் சொல்லல, ஒரு விசிறிய கொண்டுவந்து பக்கத்துல வச்சார்.

ஜனவரி 11

காலைல சீலோம் மாரியம்மன் கோயில், நம்ம தமிழ்க்காரங்க 19ஆம் நூற்றாண்டுல கட்டினது. கும்பிடறவங்கள்ல பாதிக்கு மேல தாய்க்காரங்க, தேங்காய், பழம், சாமந்தி மாலை தட்டோட வரிசையா நிக்கறாங்க. நவராத்திரி முடிவுல அம்மன் ஊர்வலத்துக்கு சீலோம் ரோட்டையே அடைச்சிடுவாங்க, அப்போ வரணும்னு அம்மா இப்பவே பிளான் போட்டாச்சு.

சைவம் சாப்பிடறவங்களுக்கு: மஞ்சள் பலகைல சிவப்புல "ஜே"ன்னு தாய்லாந்து எழுத்துல போட்ட கடை தேடுங்க, மீன் சாஸ் கூட கிடையாது, வெங்காயம் பூண்டும் சேக்க மாட்டாங்க. நாளைக்கு ரயில்ல அயுத்தயா, காலைலயே கிளம்பணும்.