அரை வருஷம் நின்றவர்களுக்கு

2022 ஆகஸ்ட் 4, வியாழன்

காலை ஏழு மணிக்குச் சின்னவள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். ஸ்டேட்டன் ஐலண்டில் அப்போது முதல் நாள் இரவு ஒன்பதரை. நான் ஆஸ்பத்திரியில் நைட் முடித்து கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, கரண்ட் போவதற்குள் தேத்தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நின்றேன்.

"அக்கா, எங்களுக்கு மூவாயிரம் டொலர் தரப்போகினமாம்!"

நியூயோர்க் மாநிலம் சுகாதார ஊழியர்களுக்கு போனஸ் கொடுக்கிறதாம். நேற்றுத்தான் அதற்கான இணையப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். கேட்டவுடன் என் மனம் செய்த முதல் வேலை பெருக்கல். டொலர் 360 ரூபாப்படி 10 இலட்சத்து 80 ஆயிரம். தேத்தண்ணீருக்குச் சீனி போட மறந்துவிட்டேன். சந்தோஷமா, பொறாமையா என்று கேட்டால் இரண்டும்தான்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

படிவம் என்று ஒன்று வந்தால் அதைச் சின்னவளுக்கு நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படி. விதிகளை அனுப்பியிருந்தாள். லீவு நாள், ஆறுதலாக வாசித்தேன்.

ஆறு மாதம் விடாமல் வேலையில் நின்றிருக்க வேண்டும். வாரத்துக்குச் சராசரி 20 மணித்தியாலத்திலிருந்து 30க்குள் செய்தவருக்கு 500 டொலர், 35க்குள் என்றால் 1,000, அதற்கு மேல் 1,500. இப்படி இரண்டு அரை வருஷம் நின்றால் மூவாயிரம். அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு 1,25,000 டொலரைத் தாண்டியவர்களுக்கு இல்லை. இன்னொன்று, ஊழியர் நேரே போய்க் கேட்க முடியாது. அவருக்காக வேலை கொடுத்தவர்தான் கேட்க வேண்டும். உழைத்தது இவள், கை நீட்ட வேண்டியது முதலாளி.

அப்புறம்தான் அந்தத் திகதி கண்ணில் பட்டது. கணக்கு 2021 ஒக்டோபர் 1க்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2020 வசந்தத்தில் சின்னவள் முதியோர் இல்லத்தில் என்ன பட்டாள் என்று எனக்குத் தெரியும். இரவு ஏழு மணிக்கு ஊர் முழுக்க ஜன்னலில் நின்று கைதட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இவள் நைட்டுக்குப் போவாள். அவளோடு ஒரே மாடியில் வேலை செய்த ஜமேக்காப் பெண் அந்த ஏப்ரிலில் செத்துப்போனாள். அந்தப் பெண்ணுக்கு இந்தக் காசில் ஒரு சதமும் இல்லை. நாரி முறிந்து 2021 கோடையில் வேலையை விட்டவர்களுக்கும் இல்லை.

இது நன்றிக் காசு இல்லை என்று சின்னவளிடம் சொன்னேன். போகாமல் இருக்கத் தருகிற காசு. ஐந்து வருஷத்தில் சுகாதார ஊழியர் தொகையை 20 சதவீதம் கூட்டுவதுதான் நோக்கம் என்று ஆளுநர் ஹோக்குல் ஒளிக்காமலே சொல்லியிருக்கிறார்.

"எதுவெண்டாலும் காசு காசுதானே" என்றாள். அதுவும் சரி.

ஆகஸ்ட் 10, புதன்

மின்கட்டணம் 75 சதவீதம் ஏறிவிட்டது. ஓட்டோக்காரத் தம்பிக்குக் கியூஆர் காட்டினால் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். வேலைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

நினைத்தால் நடக்கிறது என்பார்களே. எங்கள் ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்ட்டில் இன்று ஒரு தாள். கோவிட் காலச் சேவையைப் பாராட்டி ஒருமுறைக் கொடுப்பனவு, 25,000 ரூபா. 2021இல் தந்தது ஃபிரேம் போட்ட சான்றிதழும் ஒரு கேக் துண்டும். அதோடு பார்த்தால் முன்னேற்றம்தான்.

தாளின் கீழே சின்ன எழுத்தில், 'நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்.'

எங்கள் வாட்டைக் கூட்டித் துடைக்கிற கொட்டாஞ்சேனை அக்கா கிளீனிங் கொம்பனியின் ஆள். போன வருஷம் இதே ஆகஸ்டில், நாட்டில் ஒரு நாளைக்கு இருநூறு பேர் செத்த நேரத்தில், கோவிட் வாட்டில் அவ இருந்தா. நாங்கள் கழற்றிப்போட்ட கவுன்களைப் பையில் கட்டினவ அவதான். குளோரினில் கை தோல் உரிந்து, வீட்டில் மிளகாய் தொட முடியாமல் இருந்தவ. தாளை என்னிடம் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். கடைசி வரியைக் கொஞ்சம் மெதுவாக வாசித்தேன்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் சிநேகிதி வெளிநாடு போகிறாள். ஐந்து வருஷம் வரை சம்பளமில்லா லீவு எடுத்துப் போகலாம் என்று ஜூனில் அரசாங்கம் சுற்றறிக்கை விட்டதே, அதில். டொலர் அனுப்பினால் போதும் என்கிறார்கள். அங்கே ஒரு மாநிலம் ஆட்களைப் பிடித்து நிறுத்தக் காசு கொடுக்கிறது. இங்கே கதவைத் திறந்து வைத்து, போய் அனுப்பு என்கிறது. மிஞ்சி நிற்கிற எங்களுக்கு டபுள் ஷிஃப்ட்.

ஆகஸ்ட் 31, புதன்

அந்த 25,000 ரூபா கணக்கில் விழுந்தது. கொழும்பில் பணவீக்கம் 64.3 சதவீதம் என்ற செய்தியும் இன்றே வந்தது. பால்மா, அரிசி, அம்மாவின் பிரஷர் குளிசை என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன், முடிந்துவிட்டது. வாட்டில் எல்லோருமாகச் சேர்த்து அக்காவுக்குக் கொஞ்சம் கொடுப்போம் என்று கதைத்தோம். நான் போய்ச் சொன்னதும் அவ துடைப்பத்தைச் சுவரில் சாத்தினா.

"காசு கெடக்கட்டும் மிஸ். எனக்கு ஒரு லெட்டர் வேணும். கோவிட் வாட்ல வேல செஞ்சேன்னு."

மாலைதீவில் ஒரு ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலையாம். ஏஜென்ட் அனுபவக் கடிதம் கேட்கிறானாம். மேட்ரனிடம் போனேன். எங்கள் ஊழியர் இல்லை, நாங்கள் எப்படிக் கொடுப்பது என்றார். கிளீனிங் கொம்பனியோ இந்த ஜனவரியில் கொன்ராக்ட் எடுத்த புதுக் கொம்பனி. அதற்கு முந்திய கணக்கு எதுவும் தங்களிடம் இல்லை என்கிறார்கள். ஆக, எந்தத் தாளைப் பார்த்தாலும் 2021 ஆகஸ்டில் அக்கா அங்கே இல்லை.

செப்டம்பர் 2, வெள்ளி

நைட்டில் ஒரு யோசனை வந்தது. கோவிட் வாட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் பாதுகாப்பு உடுப்பு வாங்கும்போது ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டொக்டரானாலும் கிளீனரானாலும் ஒரே புத்தகம். ஸ்டோரில் பழைய செலைன் பெட்டிக்குள் கிடந்தது. 2021 ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதத்தையும் புரட்டினேன். தமிழில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், அக்காவின் பெயர் 47 தரம். என்னுடையது 41.

சின்னவளிடமிருந்து மெசேஜ். அவர்களுடைய இல்லத்தில் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். காசு எப்போது என்று கேட்டால், மேலே கேள் என்கிறார்களாம்.

செப்டம்பர் 5, திங்கள்

மேட்ரனிடம் புத்தகத்தை நீட்டினேன். நிறைய நேரம் புரட்டினார். கடிதம் தர முடியாது, ஆனால் பக்கங்களைப் பிரதியெடுத்து உண்மைப் பிரதி என்று சீல் போடலாம் என்றார். போட்டும் தந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு திகதியாகப் பார்த்தா.

"இதுல ரெண்டு நாள் கொறையுது மிஸ்."

"எந்த ரெண்டு நாள்?"

"உடுப்பு முடிஞ்சு போச்சே, அந்த ரெண்டு நாள். குடுத்தாத்தானே கையெழுத்து வாங்குவாங்க."