41,286-இல் நின்றது

மார்ச் 3, செவ்வாய்

பைக்கின் வேக மீட்டரில் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்ணும் 41,286-இல் நின்றுபோச்சு. கி.மீ.யில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடைசிக் கட்டத்தில் 3.

இரண்டும் சேர்ந்து நின்றது ஒரு வகையில் நல்லது, தேடும் இடம் பாதியாகிறது. எண் ஓடி முள் மட்டும் செத்திருந்தால் கோளாறு மீட்டருக்குள். முள் ஆடி எண் மட்டும் நின்றிருந்தால் அதுவும் உள்ளேதான், ஏதோ ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் போயிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் போனால் சக்கரத்தின் சுற்று மேலே வந்து சேரவில்லை. கேபிளைப் பார்க்கணும், இல்லாவிட்டால் சக்கரத்தில் இருக்கிற மீட்டர் பல்சக்கரத்தை.

மார்ச் 4, புதன்

மீட்டருக்கு அடியில் இருக்கும் சொரசொரப்பான நட்டு கையாலேயே கழலும். இறுகியிருந்தால் பிளையரின் வாயில் துணி சுற்றித் திருப்பணும், வெறும் பிளையர் பட்டால் நட்டு முட்டை வடிவத்துக்குப் போய்விடும்.

நட்டைக் கழற்றிக் கேபிளைத் தொங்கவிட்டு, என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தாச்சு. மேல் முனையில் அசைவே இல்லை. இன்னரை, அதாவது கேபிளுக்குள் சுழலும் கம்பியை, பிடித்து இழுத்தால் 20 செ.மீ. துண்டு கையோடு வந்தது. மிச்சம் அதன் வெளிக்குழாயான அவுட்டருக்குள்.

அறுந்த வாயைப் பார்க்காமல் குப்பையில் போடக்கூடாது. வளைவில் ஆடி ஆடித் தேய்ந்து அறுந்தால் வாய் மொட்டையாக, துரு பிடித்து இருக்கும். எங்கோ இறுகி, முறுக்கு தாங்காமல் அறுந்தால் இழையெல்லாம் அவிழ்ந்து துடைப்பம் மாதிரி விரிந்து நிற்கும். இது துடைப்பம். கேபிளை அடித்தவன் வேறு எங்கோ இருக்கிறான்.

மார்ச் 5, வியாழன்

புது கேபிள் வந்தாச்சு. இன்னும் மாட்டவில்லை.

மார்ச் 7, சனி

மீட்டர்தான்.

பழைய இன்னரின் மேல் முனை சதுரமாக இருக்கும். அந்த 20 செ.மீ. துண்டையே மீட்டரின் துளையில் செருகி இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல மீட்டர் என்றால் எதிர்ப்பே இல்லாமல் சுற்றும், சட்டென்று உருட்டினால் முள் லேசாகத் துள்ளும். இது கம்பளிக்குள் திருப்புவது மாதிரி இழுக்கிறது. ஒரு சுற்றில் ஓர் இடத்தில் பிடிக்கவே பிடிக்கிறது. புது கேபிளை வந்த அன்றே மாட்டியிருந்தால் அதுவும் சில நாளில் துடைப்பமாகியிருக்கும். இன்னர் அறுந்த வண்டி என்றாலே புதுசை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டு விரல் சோதனைக்கு அரை நிமிடம் ஆகாது.

பிடிப்பதற்குக் காரணம் கிரீஸ். யாரோ கேபிள் முழுக்க அப்பியிருக்கிறார்கள். இன்னர் என்பது கம்பிமேல் கம்பி சுற்றிய முறுக்கு, சுழலும்போது அதுவே திருகாணி மாதிரி கிரீஸை மேலே ஏற்றிவிடும். மீட்டரின் அச்சு சுழலும் புஷ்ஷுக்குள் போய்த் தூசியோடு சேர்ந்து தார் ஆகிறது. இன்னும் மேலே ஏறினால் உள்ளே சுழலும் காந்தத்துக்கும் முள்ளோடு சேர்ந்த கிண்ணத்துக்கும் நடுவில் உட்காரும். அங்கே போனால் முள் வண்டி நின்ற பிறகும் 20-இல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மீட்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனையில் தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. உருட்டு. பஞ்சுக் குச்சியால் கறுப்பை எடு. மறுபடி ஒரு சொட்டு. ஆறு குச்சி கறுப்பான பிறகு ஏழாவது பழுப்பாக வந்தது. துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் அது முகப்பு வரைக்கும் பரவி எழுத்தையே கரைத்துவிடும்.

மார்ச் 8, ஞாயிறு

டிரில் போட்டுப் பார்த்தாச்சு.

முகப்பின் அடியில் பொடி எழுத்தில் 1400 என்று இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1400 சுற்று. 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கி.மீ., ஆக ஒரு கி.மீ.க்கு 1400 சுற்று. சதுர முனைத் துண்டை டிரில்லில் பிடித்து 700 சுற்றில் ஓட்டினால் முள் 30-இல் நிற்கணும். நின்றது. 1400-இல் 58. போதும்.

எந்தத் திசையில் சுற்றணும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளணும். திசை மாறினால் முள் பூஜ்யத்துக்குக் கீழே தடுப்பில் போய் இடிக்கும், வேகமாக ஓட்டினால் வளைந்தே போகும். முதலில் மிக மெதுவாக ஒரு சுற்று: முள் மேலே எழுந்தால் சரியான திசை.

மீட்டருக்குள் நடப்பதை நினைத்தால் இன்றும் வியப்புதான். கேபிள் சுற்றுவது காந்தத்தை மட்டும். முள்ளோடு சேர்ந்த அலுமினியக் கிண்ணம் காந்தத்தைத் தொடுவதே இல்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழி மின்னோட்டத்தைக் கிளப்ப, அதனால் கிண்ணம் காந்தத்தோடு இழுபட, மயிரிழைச் சுருள் பின்னால் பிடித்துக்கொள்ள, இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடு.

டிரில் ஓடியதில் எண் 41,288 ஆகிவிட்டது. அந்த 2 கி.மீ. வண்டி ஓடாதது. குறித்து வைக்கணும். அதைவிட, மீட்டர் நின்றபின் எண்ணாமல் விட்டுப்போன கி.மீ.யை டிரில்லாலேயே ஓட்டிச் சரிக்கட்டிவிடலாமா என்று ஒரு சபலம். நிமிடத்துக்கு ஒரு கி.மீ., 300 என்றால் ஐந்து மணி நேரம். டிரில் முதலில் சாகும்.

மார்ச் 9, திங்கள்

டிஜிட்டல் மீட்டருக்கு இந்தப் பாடு இல்லை என்கிறார்கள். பாடு வேறு மாதிரி, அவ்வளவுதான்.

இன்று பார்த்த வண்டியில் திரை எரிகிறது, பெட்ரோல் அளவு காட்டுகிறது, வேகம் மட்டும் 0. திரை எரிவதால் ஃப்யூஸை விட்டுவிடலாம். சுற்றை எண்ணி வேகம் சொல்லும் சென்சாரில் மூன்று கம்பி: மின்சாரம், எர்த், சிக்னல். சாவியைப் போட்டு, கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மல்ட்டிமீட்டர் ஊசியைச் செருகணும். கம்பியின் தோலில் குத்தினால் அந்த ஓட்டை வழியாக மழைநீர் இறங்கும். மின்சாரக் கம்பியில் 5 அல்லது 12 வோல்ட், வண்டியைப் பொறுத்தது. சிக்னல் கம்பியில் ஊசியை வைத்துச் சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்பினால் வோல்ட் ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும். வந்தால் சென்சாரில் குற்றமில்லை, மீட்டர் வரைக்கும் போகும் கம்பியைப் பார். வராமல், மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தால் சென்சாரின் முகத்தை முதலில் துடை. இரும்புப் பொடி தாடி மாதிரி ஒட்டியிருக்கும்.

இந்த வண்டியில் ஹாண்டிலை இடது பக்கம் ஒடித்தால் வேகம் வருகிறது, நேராக்கினால் போகிறது. ஹாண்டில் கழுத்தில் கம்பி உள்ளுக்குள் அறுந்திருக்கிறது, தோல் மட்டும் முழுசாக இருக்கிறது.

சென்சார் கியர் பெட்டியில் இருக்கிற வண்டி என்றால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்புராக்கெட்டை மாற்றினாலும் கணக்கு கெடும். பின்னால் 42 பல்லை எடுத்து 45 போட்டால் உண்மையான 60-ஐ 64 என்று காட்டும். எண்ணும் அதே 7 சதவீதம் கூட ஓடும்.

மார்ச் 10, செவ்வாய்

ஓடாத எண்ணைப் பெட்ரோலை வைத்துக் கணக்குப் போட்டாச்சு. 3-ஆம் தேதியிலிருந்து 4 லிட்டர், லிட்டருக்கு 45. 180 கி.மீ. ஆயில் மாற்ற வேண்டியது 42,000-இல்.

மார்ச் 11, புதன்

சக்கரத்தைக் கழற்றியது. மேலே இறுகினால் அடி கீழேயும் விழுந்திருக்கும் என்ற பயம்.

பல்சக்கர வளையத்தில் எதிரெதிராக இரண்டு காது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் அதற்கு இரண்டு பள்ளம். காது பள்ளத்தில் உட்காராமல் ஆக்சிலை இறுக்கினால் காது நசுங்கும், சக்கரமும் பிடிக்கும். பங்சர் ஒட்டிய மறுநாள் மீட்டர் நின்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், காதைப் பார்த்தால் போதும். இதில் காது நேராக இருக்கிறது. வளையத்தோடு சேரும் குறுக்குப் பல்சக்கரம் வெள்ளை பிளாஸ்டிக், நாலு பல் நுனி மழுங்கல், முறிவு இல்லை. பழைய கிரீஸ் மெழுகு மாதிரி. மண்ணெண்ணெயில் கழுவி, அடியில் இருந்த மெல்லிய வாஷரைத் தொலைக்காமல் எடுத்து வைத்து, புது கிரீஸ் விரல் நுனி அளவு. பக்கத்திலேயே பிரேக் லைனிங், ஒரு துளி அங்கே போகக்கூடாது.

திரும்ப மாட்டும்போது காதை இரண்டு தடவை பார்த்தேன். பிரேக் தட்டின் பள்ளம், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் முட்டில் உட்கார்ந்ததா என்பதை மூன்று தடவை. மீட்டர் நின்றால் வண்டி ஓடும். இந்தப் பள்ளம் தவறினால் பிரேக் பிடித்ததும் தட்டே சுற்றிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

டயர் சுற்றளவு 1.85 மீட்டர். கி.மீ.க்கு 1400 என்றால் மீட்டருக்கு 1.4. சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் கேபிள் 26 சுற்று வரணும். இன்னரின் நுனியில் தாள் கொடி ஒட்டி எண்ணினேன். 26. பல் வழுக்கவில்லை.

மார்ச் 14, சனி

கேபிள் மாட்டியது. இன்னரை முழுக்க உருவி, கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தால் எங்கே மடிப்பு இருந்தாலும் அங்கே துள்ளும். துள்ளவில்லை. கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மெல்லிய கிரீஸ், துணியால் இழுத்துத் துடைத்தபின் மிஞ்சுகிற அளவு. மேல் 15 செ.மீ. வறண்டு இருக்கணும். வறண்டுதான்.

முதலில் கீழ் முனை. சக்கரத்தைச் சுற்றி மேல் முனை சுழல்வதைப் பார்த்த பிறகுதான் மீட்டர் பக்கம். அவுட்டருக்கு வெளியே இன்னர் ஏறக்குறைய 10 மி.மீ. நீட்டி நிற்கணும். குறைந்தால் சதுரத்திலிருந்து நழுவும், கூடினால் நட்டை இறுக்கும்போது மீட்டரின் அச்சை மேலே நெம்பும். நட்டு கை இறுக்கமே போதும்.

எண் நகர்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

30-க்கும் 40-க்கும் நடுவில் முள் நடுங்குகிறது. மீட்டரா, மறுபடியும் மீட்டரா என்று அதையே நினைத்து, கழற்றி, இரண்டு விரலால் உருட்டி. பட்டு மாதிரி ஓடுகிறது. விளக்குக்குப் பின்னால் கேபிளைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டுதான், அவுட்டர் நசுங்குகிற அளவுக்கு இறுக்கம். வெட்டி எறிந்து, ஹாண்டிலை இரு பக்கமும் ஒடித்து, எங்கும் மடங்காமல் பெரிய வளைவாக விட்டது. நடுக்கம் போச்சு.

ஜி.பி.எஸ். 47 காட்டும்போது முள் 50. மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டுவது வழக்கம்தான், குறைத்துக் காட்டினால்தான் கவலை.

மார்ச் 16, திங்கள்

மொத்தம் 7 லிட்டர், 315 கி.மீ. சனிக்கிழமையிலிருந்து எண்ணே எண்ணிய 40-ஐக் கழித்தால் 275. டிரில் ஓட்டிய 2-ஐயும் கழித்தால் 273. எண் அவ்வளவு பின்தங்கியிருக்கிறது, ஆக ஆயில் 42,000-க்குப் பதில் 41,727-இல். டூல் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியாச்சு.

மார்ச் 18, புதன்

41,399-லிருந்து மாறும்போது நூறாம் இடச் சக்கரம் பாதியில் நிற்கிறது. 3-க்கும் 4-க்கும் நடுவில்.