தீவுத்திடலில் ஒரு குட்டி அணை

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனால் எல்லாரும் ராட்டினத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கையில் டெல்லி அப்பளம், பின்னால் மங்கலாக ராட்டின வெளிச்சம். சரி, அதெல்லாம் போதும் என்று இந்த முறை அரசுத் துறை அரங்குகளுக்குள் புகுந்தேன். ஜனங்கள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் நிற்காமல் வெளியேறுகிற இடம்.

ஒரு மூலையில் அணைக்கட்டின் மாதிரி வடிவம். தெர்மோகோல் மலை, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் வயல், பஞ்சு மேகம். அங்கே இருந்தவர் நான் குனிந்து பார்ப்பதைக் கவனித்து, "மோட்டார் போடட்டுமா சார்?" என்றார். மதகில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அதற்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சின்ன நீல பல்பு. அந்த ஒளி தண்ணீரில் பட்டு மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் அலையலையாக ஓடியது. பல்பை அங்கே கொண்டு வைத்த புண்ணியவான் யாரோ!

முதலில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை மங்குவதால், மலிவான எல்இடி பல்பு நொடிக்கு 100 முறை மினுங்கும். கேமராவின் ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் பட்டை விழும். ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. ஃபிளாஷ் போட்டிருந்தால் நீலம் மொத்தமும் செத்திருக்கும்.

அப்புறம் ஒரு குழந்தை மரத்தூள் வயலில் விரலை வைத்து அழுத்தியது. அந்தக் குழியோடு எடுத்ததுதான் கீழே இருக்கும் மூன்றாவது படம்.