விருப்பப் பட்டியலில் எதை மேலே போடுவது?

மகளுக்குக் கணிதத்தில் 94, இயற்பியலில் 91, வேதியியலில் 89. பொறியியல் சேர்க்கைக்காகக் கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் கட்-ஆஃப் 200-க்கு 184. இந்தக் கணக்கை நாங்கள் போட்டு முடிப்பதற்குள் தரகர்கள் தொலைபேசியில் அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. "முன்பணம் கட்டிவிட்டால் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் உறுதி, மேடம்" என்பது மட்டும் எல்லோரிடமும் தயாராக இருந்தது.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பம் ஒன்றுதான். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எவை வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்பதைக் கலந்தாய்வுச் சுற்றின்போது இணையத்தில் பதிய வேண்டும். எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்தப் பட்டியல்தான்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவள். அதனால் முதலில் எண்களைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எதுவரை இடம் போனது என்ற விவரம் வெளியிடப்படுகிறது. எல்லோரும் அதில் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். நான் தரவரிசை எண்ணைப் பார்த்தேன். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 184-க்கு முன்னால் பெருங்கூட்டம் நிற்கும், கடினமான ஆண்டில் அந்தக் கூட்டம் பாதியாகிவிடலாம். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட மதிப்பெண்ணை நம்பிப் பயனில்லை.

அடுத்தது விளம்பரப் பலகைகள். தேசிய அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்று எல்லா வாசலிலும் எழுதியிருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. நாக் (NAAC) அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் தரப்படுவது. என்பிஏ (NBA) அங்கீகாரமோ ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. பலகையைக் காட்டிப் பேசியவரிடம், நாங்கள் கேட்கும் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா, எந்த ஆண்டுவரை செல்லும் என்று கேட்டேன். அவர் காபி வரவழைத்தார்.

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. பயனுள்ள பட்டியல்தான். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்திக்கொள்வதால் அவற்றை இதோடு வைத்து எடைபோட முடியாது. அவற்றை நேரில்தான் பார்க்க வேண்டும். நேரில் போனாலும் முகப்புக் கட்டடத்தையும் கலையரங்கத்தையும்தான் காட்டுவார்கள். ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் கருவிகள் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாமல் இருந்தன. அந்தக் கல்லூரியை மகள் திரும்பும் பேருந்திலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் மாணவர்களிடம் பேசியதில் தெரிந்தவை அலுவலகத்தில் தெரிந்தவற்றைவிட அதிகம். ஆசிரியர்கள் நிலைக்கிறார்களா, வளாக நேர்காணலில் உங்கள் பிரிவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

வீட்டுக்குள் நடந்த சண்டை வேறு. என் அண்ணன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். எந்தக் கல்லூரியானாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. மகளுக்கு மின்னியலில்தான் நாட்டம். ஆலையில் மோட்டார் பழுதுபார்க்கிறவர்களிடம் சிறுவயதிலிருந்தே கேள்வி கேட்டு நச்சரிப்பாள். என் கணவருக்குக் கட்டணக் கவலை. கல்விக் கட்டணம் அரசு நிர்ணயித்தது என்றாலும், விடுதியும் பேருந்தும் சேரும்போது தொகை வேறாகிவிடுகிறது. அரசுக் கல்லூரி மேலே ஏறியதில் அந்தக் கவலைக்கும் பங்கு உண்டு.

"கிடைக்காத கல்லூரியை மேலே போட்டு வாய்ப்பை வீணாக்காதே" என்றார் அண்ணன். அப்படி எதுவும் வீணாவதில்லை. நம் தரவரிசைக்கான முறை வரும்போது பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. முதலாவதில் இடம் இல்லையென்றால் அடுத்தது. அதற்காக எந்தத் தண்டனையும் இல்லை. ஆசைப்பட்டதைத் தயங்காமல் மேலே போடலாம். பயப்பட வேண்டியது அடிப்பகுதியைக் கண்டுதான். கணக்குக்காகச் சேர்த்துவைக்கும் கல்லூரியும் ஒதுக்கீடாகி வந்து நிற்கும். "இங்கே இடம் வந்தால் போவாயா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தயங்கியவற்றை எல்லாம் அவளே நீக்கினாள்.

முதலில் மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுவியல்–தொடர்பியல் வந்தது. ஏற்றுச் சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பங்களுக்குக் காத்திருக்கலாம். காத்திருந்து மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கையில் இருப்பது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. கணவர் இரவெல்லாம் யோசித்தார். மகள் யோசிக்கவில்லை, அதற்கு மேலே இருந்த எல்லாமே அவள் விரும்பி வைத்தவை. மேல்நகர்வில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னியல்–மின்னணுவியல் கிடைத்தது.

விடுதியில் சேர்க்கும் நாளில் அண்ணன்தான் பெட்டி தூக்க வந்தார். சங்கரன்கோவில் தாண்டும்வரை கம்ப்யூட்டர் சயின்ஸின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார். மகள் நன்றாகத் தூங்கினாள்.